வானத்தை எண்ணுகிறவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? கோத்தகிரித் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற சனிக்கிழமை மகளுடன் குன்னூரில் என் அறைக்கு வந்திருந்தபோது, விடைபெற்றுக் கதவருகே சென்ற பிறகு திரும்பி நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள். "டாக்டர் என்றால் புரிகிறது, இன்ஜினியர் என்றால் புரிகிறது, வானத்தில் இருப்பதை எண்ணுகிறவருக்கு யார் சார் சம்பளம் கொடுப்பார்கள்?" கோத்தகிரிக்குக் கடைசிப் பேருந்து கிளம்பும் நேரமாகிவிட்டதால் அன்று அரைகுறையாகவே பதில் சொன்னேன். பச்சைத் தேயிலைக்கு அடுத்த மாதம் என்ன விலை கிடைக்கும் என்பதே தெரியாத ஒரு சிறு விவசாயி, பத்து ஆண்டுக்கு மேல் நீளும் ஒரு படிப்பைப் பற்றிக் கேட்கும்போது அந்தப் பதில் போதாது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், மகள் விரும்பும் அண்டவியல், அதாவது பேரண்டம் முழுவதையும் ஆராயும் படிப்பு, என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். தெளிவான இரவில் உங்கள் ஊர்ச் சரிவிலிருந்து கீழே பார்த்தால் மேட்டுப்பாளையம் சமவெளியின் விளக்குகள் தெரியும். கடைவீதியில் அவை குவிந்திருக்கும், சாலையோரம் கோடாக நீளும், நடுநடுவே பெரிய இருட்டுத் திட்டுகளும் இருக்கும். அந்த விளக்குகளை மட்டும் பார்த்து, சமவெளியில் மொத்தம் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று சொல்லச் சொன்னால் என்ன செய்வீர்கள்? விளக்குகளை எண்ணினால் விடை வராது. ஒரு விளக்கின் கீழ் ஒருவரும் இருக்கலாம், நூறு பேரும் இருக்கலாம். பேரண்டத்தில் விண்மீன் திரள்கள் அப்படிப்பட்ட விளக்குகள். அங்கிருக்கும் பருப்பொருளில் ஆறில் ஐந்து பங்கு ஒளியே தராத கரும்பொருள். ஆகவே இந்தத் துறையினர் விளக்குகளின் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. எந்தெந்தத் தொலைவில் அவை எவ்வளவு கூடி நிற்கின்றன என்பதை அளக்கிறார்கள்.

கூடி நிற்பதற்கும் பொருளின் அளவுக்கும் என்ன தொடர்பு என்று மகளிடம் கேட்டேன். அவள் சொன்னது ஏறக்குறையச் சரி. பேரண்டத்தின் தொடக்கக் காலத்தில் கதிர்வீச்சின் கை ஓங்கியிருந்ததால் சிறு திரட்சிகள் வளர முடியவில்லை. பருப்பொருளின் கை ஓங்கிய பிறகே அவை தடையின்றி வளரத் தொடங்கின. பொருள் அதிகமாக இருந்திருந்தால் அந்தத் திருப்பம் சீக்கிரம் வந்திருக்கும். குறைவாக இருந்திருந்தால் தாமதமாக வந்து, கூடி நிற்கும் பாங்கு மிகப் பெரிய தொலைவுகள் வரை நீண்டிருக்கும். அந்தத் தழும்பு இன்றும் விண்மீன் திரள்களின் அமைப்பில் இருக்கிறது. 1990-இல் ஏபிஎம் என்ற கணக்கெடுப்பு ஏறத்தாழ 20 லட்சம் விண்மீன் திரள்களின் நிலைகளைக் கொண்டு இதை ஆராய்ந்தபோது, அன்று பலர் நம்பியிருந்ததைவிடப் பெரிய தொலைவுகளிலும் அவை கூடி நின்றன. பொருள் நினைத்ததைவிடக் குறைவு என்பதற்கு அது ஒரு முக்கியமான அடையாளமாக அமைந்தது.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. ஒரு விண்மீன் திரள் நம்மைவிட்டு விலகும்போது அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். செந்நகர்ச்சி எனப்படும் அந்த நகர்விலிருந்தே அதன் தொலைவைக் கணிக்கிறார்கள். ஆனால் அடர்ந்த பகுதியை நோக்கி அது விழுந்துகொண்டிருந்தால், அந்த வேகமும் செந்நகர்ச்சியில் கலந்துவிடுவதால், வரைபடத்தில் அந்தக் கூட்டம் நம் பார்வைத் திசையில் நசுங்கித் தெரியும். நசுங்கல் எவ்வளவு என்று அளந்தால், எவ்வளவு பொருள் அவற்றை இழுக்கிறது என்று மதிப்பிடலாம். ஆஸ்திரேலியாவிலுள்ள தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் திரள்களின் செந்நகர்ச்சியை அளந்த கணக்கெடுப்பு, 2001-இல் இவ்வழியில் தந்த விடை மாறுநிலை அடர்த்தியில் (வெளி வளையாமல் தட்டையாக இருக்கத் தேவையான மொத்த அடர்த்தியில்) சுமார் 0.3 பங்கு. சராசரியாகப் பரப்பிப் பார்த்தால், ஒரு கன மீட்டர் இடத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களின் எடைகூட இல்லை.

வேலை அத்தோடு முடிந்துவிடவில்லை. பிளாங்க் விண்கலம் ஆதிக் கதிர்வீச்சிலிருந்து இதே பங்குக்குப் பெற்ற மதிப்பு 0.315, பிழை வரம்பு 0.007. அரிசோனாவில் 5,000 ஒளியிழைகளை ரோபோக்கள் நகர்த்தி விண்மீன் திரள்களை அளக்கும் டெசி கருவியின் குழு, திரள்களின் பரவலில் பதிந்துள்ள ஆதி ஒலியலைகளின் தடத்தைக் கொண்டு 2025-இல் வெளியிட்ட மதிப்பு 0.2975, பிழை வரம்பு 0.0086. இந்தச் சிறு வேறுபாடு தற்செயலா, அளவீட்டுக் குறையா, பேரண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றலைப் பற்றிய நம் புரிதலில் ஓட்டையா என்று தேடுவதுதான் இன்று அத்துறையில் பலருடைய அன்றாட வேலை. மகள் படித்து முடிக்கும்போது கேள்வி மாறியிருக்கலாம். வேலையின் தன்மை மாறியிருக்காது.

அந்தத் தன்மை அவளுக்கு ஒத்துவருமா என்பதே என் கவலையாக இருந்தது. வானத்தின் அழகில் மயங்கி வருகிற மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், விண்மீன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஒரு மாணவனுக்கு அதற்கு நெருக்கமான படிப்பு என்று ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங்கைச் சொல்லி அனுப்பினேன். நான்கு ஆண்டுகள் அவன் விமான இறக்கையைப் படித்தான், வானத்தைப் படிக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதன் பிறகு யாரையும் ஒரு சிறு சோதனை வைக்காமல் அனுப்புவதில்லை.

நீங்களும் நானும் கட்டணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் மகள் மூலை மேசையில் செய்துகொண்டிருந்தது அந்தச் சோதனைதான். இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 20 புள்ளிகள். ஒன்றில் புள்ளிகள் திரண்டிருக்கும். மற்றொன்று சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் மனம்போன போக்கில் சிதறியிருக்கும். ஒவ்வொரு தாளிலும் 190 இணைகள். அவற்றில் எத்தனை 2 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இருக்கின்றன என்று அளவுகோலால் அளந்து எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிட்டால் கூடி நிற்கும் அளவு கிடைத்துவிடும். அறிஞர்கள் கணினியில் கோடிக்கணக்கான இணைகளுக்குச் செய்வதும் அடிப்படையில் இதுவே. பெரும்பாலான பிள்ளைகள் எண்பதாவது இணையில் அலுத்துவிடுவார்கள். உங்கள் மகள் முடித்தாள். ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுவன்று. முதல் தாளின் ஒரு மூலையில் வேண்டுமென்றே கொஞ்சம் மசியைக் கொட்டி வைத்திருந்தேன். அதைக் காட்டி, "இங்கே புள்ளி இல்லையா, இருந்தும் மறைந்துவிட்டதா என்று தெரியாதே சார். அப்படியானால் இரண்டாவது தாளிலும் இதே மூலையை அடித்துவிட்டுத்தானே எண்ண வேண்டும்?" என்று கேட்டாள். பிரகாசமான ஒரு விண்மீன் பின்னாலுள்ள வானத்தை மறைக்கும் இடங்களில் உண்மையான கணக்கெடுப்புகளில் செய்வது அதையேதான். அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வாய்ப்பில்லை.

எனவே என் கருத்து இது: இப்போது முடிவு செய்ய வேண்டியது அண்டவியலா இல்லையா என்பதன்று. இயற்பியலும் கணிதமும் புள்ளியியலும் கணினி நிரலும் சேர்ந்த ஒரு படிப்பில் அவளைச் சேர்ப்பதா என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும். மற்றதற்கு இன்னும் நான்கைந்து ஆண்டுகள் இருக்கின்றன.

அதற்கு முதல் வழி ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்கள். திருவனந்தபுரம், திருப்பதி, புனே உட்பட ஏழு இடங்களில் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு இருக்கிறது, தொடக்கத்தில் எல்லா அறிவியலையும் படித்துவிட்டுப் பிறகு துறையைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்கான ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்குக்கும் சம எண்ணிக்கையில் வினாக்கள் வரும். மகள் பிளஸ் டூவில் கணினி அறிவியல் குரூப் எடுத்திருப்பதால் உயிரியலை முழுவதும் விட்டுவிடக் கூடாது. பத்தாம் வகுப்பு அறிவோடு என்.சி.இ.ஆர்.டி. பாடநூலைப் புரட்டினாலே சில மதிப்பெண்கள் கிடைக்கும். வினாத்தாள் தமிழில் வராது; தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட இதுவே பெரிய தடை என்பதால், இன்றிலிருந்தே கலைச்சொற்களை இரு மொழியிலும் நோட்டில் எழுதிப் பழகட்டும். புவனேசுவரத்தில் உள்ள நைசர் என்ற தேசிய அறிவியல் கல்வி நிறுவனத்துக்கு நெஸ்ட் என்ற தனித் தேர்வு உண்டு, அதற்கும் விண்ணப்பிக்கலாம்.

இவற்றில் இடம் கிடைக்காவிட்டால் வாசல் மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, ஜாம் என்ற முதுகலை நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. ஒன்றில் எம்.எஸ்சி. சேரலாம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவி என்பதால் கல்லூரிக் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் வரும். நான் மறுப்புச் சொல்வது ஒன்றுக்குத்தான்: 'விண்வெளி', 'வானியல்' என்று பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டு பெருந்தொகை கேட்கும் சான்றிதழ் வகுப்புகளில் தேயிலைக் காசைப் போடாதீர்கள்.

இனி சம்பளம். முதுகலைக்குப் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு போன்றவற்றில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைத் தகுதி பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால், இப்போதைய விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை கிடைக்கும். அதாவது 23 வயதிலிருந்து மகள் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். அதன்பின் வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ தற்காலிக ஆய்வுப் பணிகள். நிரந்தர வேலை முப்பதைத் தாண்டித்தான் வரும், எல்லோருக்கும் வராது. புனேயிலுள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம், பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம், சென்னை கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பேராசிரியர் இடங்கள் திறக்கும். இதை மகளிடமும் மறைக்காமல் சொன்னேன். உறவினர்கள் கல்யாணப் பேச்சை எடுக்கும் வயதும் இதுவே; அதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

வழியில் இறங்கிக்கொள்ள விரும்பினால் படிகள் இருக்கின்றன. எம்.எஸ்சி.யுடன் பி.எட். முடித்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியோடு கல்லூரிப் பணிக்குப் போகலாம். வானிலை ஆய்வுத் துறையும் இயற்பியல் படித்தவர்களை எடுக்கிறது. பாதி மறைந்த கணக்கெடுப்பிலிருந்து முழுமையை மதிப்பிடவும், தன் விடையில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று சொல்லவும் பழகியவர்களை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நல்ல சம்பளத்துக்கு அமர்த்துகின்றன. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த வரிகளில் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா பக்கம் காய்கறி வண்டியில் போகும்போது, மலைச்சரிவில் அரைக் கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் கம்பி அமைப்பைப் பார்த்திருப்பீர்கள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு 1970-இல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி அது; நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அந்தச் சரிவின் சாய்வு நம் அட்சரேகையான 11 பாகைக்கு ஒத்திருப்பதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. மலையே அதற்குத் தாங்கி. அது கேட்கும் அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்சு. ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் ஹைட்ரஜன் வெளியிட்ட 1,420 மெகாஹெர்ட்சு அலை, பேரண்டம் விரிந்ததால் நீண்டு நீண்டு இன்று வந்து சேரும் இடம் அதுவே. அக்காலத்து ஹைட்ரஜன் எப்படிக் கூடி நின்றது என்பதை அளக்கும் நோக்கத்தோடு அந்தத் தொலைநோக்கியை மேம்படுத்தும் பணியையும் மேற்கொண்டிருக்கிறார்கள். மகள் கேட்பது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற காரியமன்று.

முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதிவிட்டு ஒருநாள் அவளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். நீங்களும் உள்ளே வந்து, அங்கே கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களிடம் எந்த ஊர், என்ன படித்தார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அதற்குள் ஸ்லோன் என்ற விண்மீன் திரள் கணக்கெடுப்பின் தரவுகளை அவளே இறக்கிப் பார்க்கட்டும். இலவசமாகக் கிடைக்கின்றன, பள்ளிக் கணினியே போதும். அடுத்த மாதம் வரும்போது மசி கொட்டிய தாளையும் அவள் எண்ணிய நோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். இம்முறை கடைசிப் பேருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள், ஐ.ஏ.டி. விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்ப அவ்வளவு நேரம் தேவைப்படும்.