ரத்தப் பரிசோதனை நெகடிவ், ஆனாலும் அரிய நோய் என்று சந்தேகம்: நிபுணரைப் பார்க்க வேண்டுமா?

மாலையானால் ஒரு கண்ணிமை தொங்குகிறது, தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயாக இருக்கலாம் என்கிறார் பொது மருத்துவர், ரத்தப் பரிசோதனையோ நெகடிவ், தொந்தரவும் லேசானதுதான், இதற்கு நரம்பியல் நிபுணர் வரை போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். இதே சந்தேகத்தோடு எட்டு மாதம் சும்மா இருந்தவன் சொல்கிறேன்.

என் மருத்துவர் நோயின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குறியை 'இல்லை' என்றே படித்துக்கொண்டேன். காலையில் கண்ணாடி முன் நின்றால் இரண்டு இமையும் ஒரே மட்டத்தில் இருக்கும். பொழுது சாய்ந்தால் வலது இமை இறங்கிவிடும், புத்தகத்தின் வரிகள் இரண்டிரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு படிக்கப் பழகிவிட்டேன். வீட்டில் கேட்டால் தூக்கக் கலக்கம் என்பேன்.

இந்த நோயில், நரம்பின் செய்தியை வாங்கிக்கொள்ளத் தசைகளில் உள்ள ஏற்பிகளை நம் உடலின் எதிர்ப்பொருள்களே தாக்குகின்றன. அதனால் நரம்பு அனுப்பும் செய்தி தசைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. நோய் உடலெங்கும் பரவியவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்கு அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் தென்படும். கண்ணோடு நின்றுவிட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் தென்படும். நம்மைப் போல இமை மட்டும் தொங்குகிறவர்களுக்கு அந்த ரத்தப் பரிசோதனை பூவா தலையா கதைதான்.

நிபுணரின் முதல் சோதனைக்குக் கருவியே தேவைப்படவில்லை. தலையை அசைக்காமல் கூரையையே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம் ஆவதற்குள் இமை தானாக இறங்கியது. பிறகு பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, மூடிய கண்மேல் இரண்டு நிமிடம் வைத்திருந்தார். எடுத்ததும் சிறிய அளவுகோலைப் பிடித்துப் பார்த்தார். இமை 3 மில்லிமீட்டர் ஏறியிருந்தது! குளிர்ச்சி பட்டால் இந்தத் தசைகள் சற்று நேரம் தெம்பாக வேலை செய்யுமாம். நோயை உறுதிசெய்தது, நெற்றித் தசையில் மெல்லிய ஊசி செருகி மின்துடிப்பைப் பதிவுசெய்யும் சோதனை. வலிக்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

உறுதியானதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அவர் எழுதிக்கொடுத்த சீட்டு. சிப்ரோஃப்ளாக்சசின் வகை, ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக்குகள், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், ஊசிவழி மெக்னீசியம் ஆகியவை இந்த நோயை மோசமாக்கக்கூடும், கேட்காமல் எடுக்கக் கூடாது என்றார். அந்த எட்டு மாதத்தில் சிறுநீர்த் தொற்றுக்காக அவற்றில் முதலாவதை ஐந்து நாள் விழுங்கியிருந்தேன். அந்த வாரம் மெல்லும்போதே தாடை ஓய்ந்துபோனதற்குப் பல்லைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாச் சந்தேகத்துக்கும் நிபுணரிடம் ஓட வேண்டும் என்பதல்ல என் வாதம். சந்தேகம் உண்மையானால் சிகிச்சையோ கவனமோ மாறுமா என்று பாருங்கள். இங்கே மாறும். மருந்துகள் ஒருபுறம் இருக்க, இந்த நோய் உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத் மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும், அதற்காக மார்பை ஸ்கேன் எடுப்பார்கள். கண்ணில் தொடங்கியது பிற தசைகளுக்குப் பரவுவதும் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்தான். நிபுணரிடம் போயும் முதல் தடவையே விடை கிடைக்காமல் போகலாம். அப்படியானாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

போகும்போது காலையிலும் மாலையிலும் ஒரே வெளிச்சத்தில் எடுத்த முகப் படங்களைத் தேதியோடு கொண்டுபோங்கள். பெரும்பாலும் காலையில்தான் அழைப்பார்கள். அந்த நேரம் பார்த்து இமை நல்ல பிள்ளையாக நிமிர்ந்து நிற்கும்.

தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் விழுங்கும்போது புரையேறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ காத்திருக்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், இன்னும் உறுதியாகவில்லை என்றாலும் அந்த நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள்.