சின்ன டிராக்டர்: கியரா, ஹைட்ரோவா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

மினி டிராக்டர் வாங்குகிறவர்கள் கியர், ஹைட்ரோஸ்டாட்டிக் (கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் ஓடுவது, சுருக்கமாக ஹைட்ரோ) பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் பொள்ளாச்சிப் பக்கம் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன், அறுவடை சீசனில் டெல்டாவுக்குப் போய் அறுவடை மெஷின்களுக்கு வேலை பார்ப்பேன், ஹைட்ரோ எனக்குப் பழகினது அங்கேதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

உடுமலை, தென்னை 6 ஏக்கர்: அண்ணா, வெளிநாட்டு வீடியோக்களில் கிளச்சே இல்லாமல், காலால் மிதித்தால் முன்னே பின்னே போகிற சின்ன டிராக்டரைப் பார்க்கிறேன். அது எப்படி வேலை செய்கிறது? இங்கே ஏன் ஷோரூமில் காணோம்?

கியர் வண்டியில் எஞ்சின் சுற்று கிளச், பல்சக்கரம் வழியாக நேராக டயருக்குப் போகிறது. ஹைட்ரோவில் எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும், பம்பு ஆயிலை அழுத்தித் தள்ளும், அந்த ஆயில் ஒரு மோட்டாரைச் சுற்றும், மோட்டார் ஆக்சிலைத் திருப்பும். பம்புக்குள் சாய்கிற மாதிரி ஒரு தட்டு இருக்கிறது, அதைச் சாய்ப்பதுதான் உங்கள் பெடலின் வேலை. கொஞ்சம் சாய்ந்தால் கொஞ்சம் ஆயில், மெதுவாகப் போகும். நிறையச் சாய்ந்தால் வேகம். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ். நேராக நின்றால் வண்டி நின்றுவிடும். இத்தனைக்கும் எஞ்சின் ஆர்.பி.எம். மாறவே மாறாது, அதனால் பி.டி.ஓ. (ரொட்டவேட்டர் மாதிரி கருவிகளைச் சுற்றவைக்கிற பின்பக்கத் தண்டு) நிமிஷத்துக்கு 540 சுற்றில் நிலையாகச் சுற்றிக்கொண்டே இருக்க, நீங்கள் ஆமை வேகத்திலிருந்து ஓட்ட வேகம் வரை இஷ்டத்துக்குப் போகலாம். பவர் ஸ்டீயரிங் மாதிரி, ஒருமுறை பழகிவிட்டால் திரும்பிப் போக மனசு வராது.

இங்கே காணோம் என்பதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. நம்ம ஊரில் டிராக்டர் என்றால் கலப்பை இழுக்கணும், சேறடிக்கணும், டிப்பர் இழுக்கணும், மிச்ச நேரம் வாடகைக்கு ஓடணும். எல்லாமே இழுவை வேலை. அமெரிக்காவில் இந்த சைஸ் வண்டி வைத்திருப்பவர் புல் வெட்டுகிறார், முன்பக்க லோடரில் மண் அள்ளுகிறார், பனி தள்ளுகிறார். நிமிஷத்துக்கு நாலு தடவை முன்னே பின்னே போகிற வேலை அது. வேலைக்குத் தகுந்த வண்டி, அவ்வளவுதான். ஷோரூமில் நிற்கும் 18 முதல் 30 எச்.பி. வண்டிகள் அநேகமாக எல்லாமே கியர்தான், அதனால் பலருக்கு இங்கே தேர்வு கியரா ஹைட்ரோவா என்பதைவிட எந்தக் கியர் என்பதுதான். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தேனி: ஹைட்ரோவில் 20 சதவீதம் பவர் வீணாகும் என்கிறார்கள். அப்புறம் ரொட்டவேட்டர் எப்படி ஓடும்?

பாதி சரி. ஆயில் வழியாகப் போகும்போது சக்தி சூடாக மாறிக் கழிந்துபோகிறது என்பது நிஜம். தோராயமாக, 20 எச்.பி. உள்ளே போனால் கியர்பெட்டியில் 18-க்குக் குறையாமல் வெளியே வரும், ஹைட்ரோவில் 16 வந்தால் நல்லது. ஆனால் இந்த இழப்பு டயருக்குப் போகிற வழியில்தான். பி.டி.ஓ. தண்டு ஹைட்ரோ வண்டியிலும் எஞ்சினிலிருந்து பல்சக்கரம் வழியாகத்தான் சுற்றுகிறது, அங்கே பெரிய இழப்பு கிடையாது. ஒரே மாடலைக் கியரிலும் ஹைட்ரோவிலும் விற்கிற கம்பெனிகளின் விவரத்தாளைப் பாருங்கள், பி.டி.ஓ. எச்.பி.யில் ஒன்று, ஒன்றரை வித்தியாசம் இருக்கும்.

ரொட்டவேட்டர் மண்ணைக் கொத்தும்போது வண்டியை அதுவே முன்னால் தள்ளும், டயருக்கு அதிக வேலை இல்லை. ஆகவே ரொட்டவேட்டருக்கு ஹைட்ரோ நன்றாகவே வேலை செய்யும், இறுகின இடம் வந்தால் பெடலைக் கொஞ்சம் விட்டால் போதும். அடி வாங்குவது கலப்பை, கொக்கிக் கலப்பை, டிரெய்லர் மூன்றிலும்தான். மணிக்கணக்கில் ஒரே பாரம், ஒரே வேகம், நேர்கோடு. அங்கே ஹைட்ரோ டீசலைக் குடித்து ஆயிலைச் சூடாக்குகிற மெஷினாகிவிடும்.

மன்னார்குடி, நெல் 4 ஏக்கர்: சேற்று உழவுக்கு ஹைட்ரோ வேண்டாம் என்கிறீர்கள். ஆனால் எங்க ஊரில் ஓடுகிற பெல்ட் மெஷின் எல்லாம் ஹைட்ரோதானே? அது சேற்றிலேயே கிடக்கிறதே!

சபாஷ், இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆமாம், பெல்ட் போட்ட அறுவடை மெஷின்கள் பெரும்பாலும் ஹைட்ரோதான், உட்கார்ந்து ஓட்டுகிற நடவு மெஷின்களிலும் அநேகம் அப்படித்தான். ஏன் என்று பாருங்கள். கதிர் அடர்த்தியாக இருக்கிற இடத்தில் டிரைவர் மெதுவாகப் போகணும், சாய்ந்து கிடக்கிற இடத்தில் இன்னும் மெதுவாக, வரப்பில் நின்று திரும்பணும். இத்தனைக்கும் உள்ளே கதிரடிக்கிற டிரம் ஒரே வேகத்தில் சுற்றியாகணும், இல்லாவிட்டால் நெல் வைக்கோலோடு போய்விடும். எஞ்சின் சுற்றைத் தொடாமல் வண்டி வேகத்தை மட்டும் மாற்றுவதற்கு ஹைட்ரோவை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. அந்த மெஷின் கலப்பை எதையும் இழுக்கவில்லை, தன்னைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் டிராக்டர் கேஜ் வீலோடு, அதாவது இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு, சேற்றில் முட்டி முட்டி நடக்கப் போகிறது. கியர் எடுங்கள். இன்னொன்று, சேற்று வேலைக்குப் போகிற வண்டியில் ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மோர் நிறத்தில் இருக்கும். கியர்பெட்டி அதைக் கொஞ்ச நாள் தாங்கும், பேரிங் ஊளையிட்ட பிறகுதான் பட்டறைக்கு வருகிறார்கள். ஹைட்ரோ பம்பில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது, தண்ணீரும் மண்ணும் கலந்த ஆயில் அதைச் சீக்கிரமே கோடு போட்டுவிடும். கோடு விழுந்த பம்பைப் பட்டறையில் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. புதிது போடணும், அதன் விலையைக் கேட்டால் வயிறு எரியும்.

கோபி: இடது முழங்கால் ஆபரேஷன் ஆனவன், 58 வயசு. வாழைத் தோப்பில் களை எடுக்க மட்டும் வண்டி வேண்டும். கிளச் மிதிக்க முடியவில்லை.

உங்களுக்கு ஹைட்ரோ கிடைத்தால் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல மாட்டேன். கிடைக்காது என்பதால், கிளச்சைக் குறைவாக மிதிக்கிற வழியைத் தேடுங்கள். வரிசை முடிவில் திரும்ப இடம் தாராளமாக விட்டால் ரிவர்ஸ் போடும் வேலை பாதியாகக் குறையும். வாங்குமுன் ஷோரூமில் உட்கார்ந்து கிளச்சை 20 தடவை மிதித்துப் பாருங்கள், வண்டிக்கு வண்டி கனம் நிறைய வித்தியாசம். சேல்ஸ்மேன் முறைப்பார், முறைக்கட்டும்.

வட கரோலினா, அமெரிக்கா: அண்ணா, 8 ஏக்கர் இடம் வாங்கியிருக்கிறோம். இரண்டு ஏக்கரில் காய்கறி, மிச்சம் புல். 35 எச்.பி. சுற்றி, லோடரோடு. இங்கே இரண்டும் கிடைக்கிறது. அப்பா ஊரில் கியர்தான் ஓட்டினார், அதையே எடு என்கிறார்.

தம்பி, அப்பாவிடம் சொல்லுங்கள், இந்த ஒரு விஷயத்தில் பையன் இஷ்டத்துக்கு விடச் சொல்லி நான் சொன்னதாக. லோடர், புல் வெட்டு என்றால் ஹைட்ரோதான். மண் குவியலில் குத்தி, தூக்கி, பின்னால் வந்து, திரும்பி, கொட்டி, மறுபடி குவியலுக்கு வருவது ஒரு சுற்று. கியர் வண்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் கிளச்சும் லீவரும் எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள், அதுவும் வலது கை லோடர் ஸ்டிக்கில் இருக்கும்போது. இரண்டு ஏக்கர் காய்கறிக்கு வருஷத்தில் சில நாள் உழவு, அதற்காகக் கியர் எடுக்க வேண்டாம்.

ஆனால் கியர் ஓட்டிப் பழகினவர்கள் ஹைட்ரோவில் ஏறினால் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்குவார்கள். வண்டி திணறுகிறது என்று தெரிந்ததும் கார் மாதிரி பெடலை இன்னும் அழுத்துவார்கள், எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும். தலைகீழாகச் செய்யணும். பெடலைப் பாதி விடுங்கள். தட்டு நிமிர்கிறது, ஆயில் குறைகிறது, வேகம் போய் இழுவை கூடுகிறது, முதல் கியருக்கு இறங்குகிற மாதிரிதான் அது. எஞ்சின் சுற்றைக் கைத் திராட்டிலில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள், காலுக்கு வேகம் மட்டும். அப்புறம் லோ, மீடியம், ஹை என்று ரேஞ்ச் லீவர் இருக்கும், குவியலில் குத்தும்போது லோவில்தான் இருக்கணும், நின்ற பிறகுதான் மாற்றணும். ஹையில் போட்டுக் குவியலில் முட்டினால் வீல் சுற்றாது, பம்பு கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே காலை எடுங்கள், அதிகபட்ச அழுத்தத்தில் ஆயில் ரிலீஃப் வால்வு வழியாகக் கொதித்து ஓடுகிற சத்தம் அது.

குபோட்டாவில் ஒரே பெடலை முன்காலாலும் குதிகாலாலும் மிதிக்கணும், ஜான் டீரில் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என இரண்டு பெடல். இரண்டிலும் உட்கார்ந்து பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள், இதில் காலின் பேச்சுதான் கடைசிப் பேச்சு. அப்பாவுக்குச் சரித்திரம் பிடிக்கும் என்றால், அதே நாட்டில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1967-லேயே 656 ஹைட்ரோ என்று உழவு டிராக்டரையே ஹைட்ரோவில் கொண்டுவந்தது. ஓட்டச் சுகம் என்று பிடித்துப்போனவர்கள் உண்டு, ஆனாலும் பெரிய உழவு டிராக்டர்கள் அந்தப் பக்கம் போகவில்லை, கலப்பை இழுக்கும்போது டீசல் கணக்கு உதைத்தது.

கிளிநொச்சி: ஜப்பானில் இருந்து வந்த பழைய சின்ன உழவு இயந்திரம் ஒன்று பார்த்தேன், ஹைட்ரோ. விலை நல்லாயிருக்கு. எதைப் பார்த்து வாங்குவது?

குளிர்ந்த வண்டியை நம்பாதீர்கள். தேய்ந்த பம்பு குளிர்ந்த ஆயிலில் நல்ல பிள்ளையாக இருக்கும், ஆயில் சூடாகி இளகின பிறகுதான் தேய்ந்த இடைவெளி வழியாகக் கசிந்து இழுவை போகும். அரை மணி, முக்கால் மணி நேரமாவது வேலை கொடுத்து ஓட்டுங்கள். அப்புறம் ஒரு மேட்டில் லோ ரேஞ்சில் மெதுவாக ஏற்றுங்கள். எஞ்சின் சுற்று இறங்காமலே வண்டி தயங்கி நின்றால் பம்பு முடிந்தது, விலை எவ்வளவானாலும் விட்டுவிடுங்கள். எஞ்சின் திணறி, ஆனால் வண்டி ஏறிவிட்டால் நல்ல பம்பு. நடுமேட்டில் காலை எடுத்துப் பாருங்கள், லேசாக நழுவுவது சகஜம், அதற்குத்தான் பார்க்கிங் பிரேக், உருண்டு ஓடினால் யோசியுங்கள். கடைசியாக உதிரி பாகம் உங்கள் பக்கம் யாரிடம் கிடைக்கும் என்று வாங்குமுன் விசாரியுங்கள். வழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்குமுன் ரேஞ்ச் லீவரை நியூட்ரலில் போடணும், மறந்தால் நல்ல பம்பும் கெடும்.

ஈரோடு, பவானி, ராஜபாளையம் என்று பலர்: சரி, கியர்தான் என்று ஆகிவிட்டது. கியரில் எதைப் பார்க்க வேண்டும்?

இங்கேதான் காசைக் கவனமாகப் போடணும். விலை குறைந்த வண்டிகளில் ஸ்லைடிங் மெஷ் இருக்கும், லீவர் போட்டால் பல்சக்கரமே நகர்ந்து போய்க் கோக்கும், நின்றுதான் மாற்றணும், அவசரப்பட்டால் பல் சிதறும். கான்ஸ்டன்ட் மெஷ் என்றால் சக்கரங்கள் எப்போதும் கோத்தே இருக்கும், சத்தமும் தேய்மானமும் குறைவு. சின்க்ரோ என்றால் ஓட்டத்திலேயே மாற்றலாம், மினி வண்டிகளில் அபூர்வம். விற்பவர் "எட்டு கியர், பன்னிரண்டு கியர்" என்று அடுக்குவார், எண்ணிக்கையைக் கேட்டு மயங்காதீர்கள். ரொட்டவேட்டர் ஓடுகிற வேகத்தில், அதாவது மணிக்கு 2 முதல் 4 கிலோமீட்டருக்குள், எத்தனை கியர் இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றுதான் என்றால் மிச்சமெல்லாம் ரோட்டுக்கு.

முன்னே பின்னே அதிகம் போகிறவர்கள், அதாவது லோடர், தோப்புக்குள் திரும்புகிறவர்கள், ஷட்டில் உள்ள வண்டியைத் தேடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஒரு லீவர், கியரைத் தொடாமல் முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிக்கொள்ளலாம். கிளச் மிதிக்கணும்தான், ஆனாலும் ஹைட்ரோ சுகத்தில் முக்கால்வாசி இதில் கிடைக்கும்.

அதைவிட முக்கியம் டபுள் கிளச். சிங்கிள் கிளச் வண்டியில் தென்னை வேரில் ரொட்டவேட்டர் இறுகும்போது கிளச்சை மிதித்தால் வண்டியும் நிற்கும், பி.டி.ஓ.வும் நின்றுபோகும், கத்தி மண்ணுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். டபுள் கிளச்சில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், கத்தி சுற்றிச் சுற்றி வேரை முடித்துவிடும், அப்புறம் காலை எடுத்தால் நகரலாம். முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். இண்டிபெண்டண்ட் பி.டி.ஓ., அதாவது வண்டியின் கிளச்சோடு சம்பந்தமில்லாமல் தனியாக ஓடி நிற்கிற பி.டி.ஓ., இருந்தால் இன்னும் நல்லது.

எச்.பி.யை ஸ்டிக்கரில் பார்க்காதீர்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் இருக்கிறது, அங்கே சோதித்த அறிக்கையில் பி.டி.ஓ.வில் எவ்வளவு, கொக்கியில் இழுக்க எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். டீலரிடம் கேளுங்கள், தராவிட்டால் எதற்குத் தயங்குகிறார் என்று நீங்களே யோசியுங்கள்.

சிவகிரி: டிரைவர் பையன் எப்பவும் கிளச்சில் கால் வைத்தே ஓட்டுகிறான். ஹைட்ரோ இருந்தால் இந்தத் தலைவலி இல்லை அல்லவா?

இல்லைதான். ஆனால் கிளச் பிளேட் தீய்ந்தால் வண்டியை நடுவில் பிரித்துப் புதுசு போட்டு, ஓரிரு நாளில் பட்டறையிலிருந்து அனுப்பிவிடுவேன். அதே பையன் ஹைட்ரோ வண்டியில் பெடலை அழுத்தியே வைத்துப் பம்பைக் காய்ச்சினால் எனக்கு வேலை இல்லை, கம்பெனிக்காரருக்குத்தான் போன் போடணும். பையனை மாற்றுங்கள், அல்லது ஒரு நாள் டிரெய்லரில் உட்கார்ந்து அவனைக் கவனியுங்கள்.

திண்டுக்கல்: ஆயில் மாற்றுகிற கணக்கு இரண்டுக்கும் ஒன்றா?

இல்லை. கியர்பெட்டி ஆயில் தாமதமானால் மன்னிக்கும், ஹைட்ரோ மன்னிக்காது. புது ஹைட்ரோ வண்டியில் முதல் ஃபில்டர் மாற்றம் பெரும்பாலும் 50 மணி நேரம் ஓடினதும் வரும், உள்ளே உராய்ந்து விழுந்த இரும்புத் தூளை அது பிடித்து வைத்திருக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். கம்பெனி சொன்ன ஆயில் தவிர வேறு ஊற்ற வேண்டாம். கியர் வண்டியிலும் கியர்பெட்டி, பின்னால் கருவியைத் தூக்குகிற ஹைட்ராலிக், ஆயில் பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான் பல மாடல்களில், கடைக்காரர் கொடுக்கிற மலிவு ஆயிலை ஊற்றினால் பிரேக் கீச்சிடும். மணிக் கணக்கை மீட்டரில் பாருங்கள், மாதக் கணக்கில் பார்க்காதீர்கள், மழை சீசனில் ஒரே மாதத்தில் வருஷ வேலை ஓடியிருக்கும்.