அன்சா: பிடியா, காதா?

அன்புள்ள ஐயா,

இயன்மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'அன்சா', 'மனுப்ரியம்' இரண்டுக்கும் அகராதியில் 'கைப்பிடி' என்றே போட்டிருக்கிறது. மனுப்ரியம் மார்பெலும்பின் மேல்துண்டு, அது புரிகிறது. கழுத்திலுள்ள அன்சா செர்விகாலிஸ் என்ற நரம்பு வளைவில் கைப்பிடி எங்கே இருக்கிறது? ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு சொல்? வகுப்பில் தமிழில் விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டும் ஒரே பொருள் அல்ல. அடுக்களையில் பாருங்கள். கத்திக்கு இருப்பது பிடி, வாணலிக்கு இருப்பது காது. பிடி ஒரு முனையில் மட்டும்தான் ஒட்டியிருக்கும். காதின் இரு முனைகளும் பாத்திரத்தோடு சேர்ந்து, நடுவில் விரல் நுழைய இடம் இருக்கும். லத்தீனில் மனுப்ரியம் என்பது பிடி, அன்சா என்பது காது. மனுப்ரியத்துக்குள் 'மனுஸ்', அதாவது கை, இருக்கிறது. அன்சாவோ குடுவையின் காது. செருப்பு வாரை நுழைக்கும் கண்ணுக்கும் ரோமானியர் அதையே சொன்னார்கள்.

மார்பெலும்பை முன்னோர் ஒரு குட்டை வாளாகப் பார்த்தார்கள். மேல்துண்டு பிடி, நடுத்துண்டு அலகு, அடியிலுள்ள ஸைஃபாய்டு வாள்முனை. நடுச்செவியின் சுத்தி எலும்பில் செவிப்பறையோடு ஒட்டிய பகுதிக்கும் மனுப்ரியம் என்றே பெயர். சுத்தியலுக்கும் பிடிதானே.

இனி கழுத்து. படத்தில் காது தெரியாததற்குக் காரணம், பெரும்பாலான படங்கள் நரம்பை மட்டும் வரைந்து, அது அணைந்திருக்கும் பாத்திரத்தை விட்டுவிடுவதுதான். கரோட்டிட் தமனியையும் உள் ஜுகுலார் சிரையையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். அன்சாவுக்கு இரண்டு வேர்கள். மேல்வேர், 12-வது கபால நரம்பான ஹைப்போகிளாஸலிலிருந்து பிரிந்து தமனியின் முன்பக்கமாக இறங்கும். கீழ்வேர், 2, 3-ஆம் கழுத்து நரம்புகளிலிருந்து வந்து, பெரும்பாலும் சிரையின் வெளிப்பக்கத்தைச் சுற்றி முன்னே வரும். ஒமோஹயாய்டு தசை குறுக்கே போகும் இடத்துக்கு அருகில் இரண்டும் சேரும். இரத்தக்குழாய்களின் முன்னால் தொங்கும் குடத்துக் காது அது. சேரும் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் கீழ்வேர் சிரையின் உட்பக்கமாகவே வரும்.

மாணவர்கள் இடறுவது மேல்வேரில்தான். ஹைப்போகிளாஸலிலிருந்து பிரிவதால் அதன் இழைகள் என்றே எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அவை முதல் கழுத்து நரம்பின் இழைகள். கொஞ்ச தூரம் ஹைப்போகிளாஸலின் உறைக்குள் கூடவே பயணம் செய்து, பிறகு இறங்கிக்கொள்கின்றன. பழைய நூல்களில் இருந்த 'அன்சா ஹைப்போகிளாஸி' என்ற பெயர் இந்தக் குழப்பத்தை வளர்த்தது. இன்றைய பெயர் சரியானது. அன்சா இயக்குவது ஸ்டெர்னோஹயாய்டு, ஸ்டெர்னோதைராய்டு, ஒமோஹயாய்டு ஆகிய மூன்று தசைகளை. தைரோஹயாய்டைச் சேர்த்தால் மதிப்பெண் போகும். அதற்கு முதல் கழுத்து நரம்பின் இழைகள் அன்சாவைத் தொடாமல் ஹைப்போகிளாஸல் வழியாகவே போய்விடுகின்றன.

இந்த வளைவு அறுவைக் கூடத்திலும் கணக்கில் வரும். பெரிய தைராய்டு கட்டியை எடுக்க பட்டை போன்ற இந்தத் தசைகளை வெட்ட நேர்ந்தால், உயரத்தில் வெட்டுவது வழக்கம். நரம்புக் கிளைகள் தாழ்வாக நுழைவதால், கீழே வெட்டினால் தசை செயலிழந்து மெலியும். ஒரு பக்கக் குரல்நாண் வாதத்தில், அன்சாவின் ஒரு கிளையைச் சேதமான குரல்வளை நரம்பின் கீழ்முனையோடு தைப்பதும் உண்டு. குரல்நாணின் அசைவு திரும்பாது. பருமனும் இறுக்கமும் சில மாதங்களில் திரும்பும், குரல் தேறும்.

சப்கிளேவியன் தமனியைச் சுற்றும் பரிவு நரம்பிழைக்கு அன்சா சப்கிளேவியா என்று பெயர். நீங்கள் பள்ளியில் சிறுநீரகத்தின் ஹென்லே வளைவு என்று படித்ததற்கும் லத்தீனில் அன்சா நெஃப்ரோனிதான். வானியலிலும் இச்சொல் உண்டு. சனிக்கோளின் இருபுறமும் நீட்டிக்கொண்டு தெரிந்தவற்றை 17-ஆம் நூற்றாண்டில் அன்சே என்றார்கள். அது பன்மை. அவை ஒரு வளையத்தின் இரு ஓரங்கள் என்று 1659-இல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் விளக்கிய பிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

தமிழில் 'காது' என்றே எழுதலாமென்றால், உடற்கூற்றியலில் அது செவியாகிவிடும். 'வளையம்' முழுதும் மூடிய வட்டத்தைக் காட்டும். நான் 'கண்ணி' என்பேன். வகுப்பில் 'கழுத்து நரம்புக் கண்ணி' என்று சொல்லி, பக்கத்திலேயே தமனியையும் சிரையையும் வரைந்துவிடுங்கள்.