வரப்போகும் கோடிக்கு நன்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுவே முதல்முறை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, ஆறு தையல் மெஷின்களை வைத்து ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். நான்கு மாதமாக ஒரு பெரிய பில் வராமல் நிற்கிறது. கூலி தாமதமானதால் இரண்டு டெய்லர்கள் நின்றுவிட்டார்கள். இந்தச் சமயத்தில்தான் தோழி ஒருத்தி சொல்லி, மனத்தில் ஆழமாக நினைப்பதே வந்து சேரும் என்கிற 'ஈர்ப்பு விதி'யைக் கற்றுத்தரும் இணைய வகுப்பில் 4,999 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன்.

தினமும் காலையில் பத்து நன்றி எழுத வேண்டும். தண்ணீருக்கு நன்றி, காற்றுக்கு நன்றி என்று தொடங்கி, 'எனக்கு வந்துவிட்ட ஒரு கோடி ரூபாய்க்கு நன்றி' என்று முடிக்க வேண்டும். அதைத் தவிர காலையில் மூன்று முறை, மதியம் ஆறு முறை, இரவு ஒன்பது முறை விருப்பத்தை எழுத வேண்டும். பிரியாணி இலையில் தொகையை எழுதி எரித்தேன். பீரோக் கதவில் வீடு, கார் படங்களை ஒட்டினேன். 'கடன்' என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்கக் கூடாது என்றார் பயிற்சியாளர். இது நம் சித்தர்கள் அறிந்த ரகசியம், 'எண்ணிய எண்ணியாங்கு எய்துப' என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னார்.

மூன்று மாதம் ஆகிறது. பணம் வரவில்லை. போன மாதம் மகளிர் குழுத் தவணையைக்கூடப் பக்கத்து வீட்டு அக்காதான் கட்டினார். வகுப்பில் கேட்டதற்கு, உங்கள் கணவருடைய எதிர்மறை எண்ணம் தடுக்கிறது, அடுத்த நிலை வகுப்பில் அதைச் சரிசெய்யலாம் என்கிறார்கள். அதற்கு 25,000 ரூபாய். என் கணவர் எதற்கும் 'நடக்காவிட்டால் என்ன செய்வது' என்று கேட்கிறவர்தான். இப்போது அவர் வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நன்றி எழுதத் தொடங்கிய பிறகு நன்றாகத் தூங்குகிறேன். அதனால் எல்லாம் பொய் என்று தள்ளவும் மனம் வரவில்லை. நேர்மறையாக நினைத்தால் செல்வம் வருமா, வராதா? அடுத்த வகுப்பில் சேரலாமா?

க.,
திருப்பூர்

*

அன்புள்ள க.,

நீங்கள் நன்றாகத் தூங்குவது உண்மை. அதைச் சந்தேகப்பட வேண்டாம். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் பெயர்பெற்றது. கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு அந்த வாரத்தில் நன்றி சொல்லத்தக்கவற்றை எழுதியது. ஒரு குழு தொல்லைகளை எழுதியது. மூன்றாவது குழு வெறுமனே நடந்தவற்றை எழுதியது. பத்து வாரம், வாரம் ஒருமுறை. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள், உடல் உபாதைகள் குறைவு என்றார்கள். நரம்புத்தசை நோயாளிகளிடம் தினசரி எழுதச் சொல்லிச் செய்த இன்னொரு சோதனையில் தூக்கமும் மேம்பட்டது. இதன் பலன் சிறியதுதான் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துப் பின்னால் வந்த தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. சிறியதாக இருந்தால் என்ன, ஒரு நோட்டும் பேனாவும் தருவதற்கு அது அதிகமே.

ஆனால் அந்த ஆய்வில் யாருக்கும் பணம் வரவில்லை. அவர்கள் வரப்போவதற்கு நன்றி எழுதவும் இல்லை. வந்து சேர்ந்ததற்குத்தான் எழுதினார்கள். உங்கள் நோட்டில் ஒன்பது வரிகள் ஒரு வகை, பத்தாவது வரி வேறு வகை. தண்ணீருக்கு நன்றி என்பது நன்றி. கைக்கு வராத கோடிக்கு நன்றி என்பது விண்ணப்பம். உங்களைத் தூங்க வைப்பது அந்த ஒன்பது வரிகள். வகுப்பின் வியாபாரமோ பத்தாவது வரியில் இருக்கிறது.

சித்தர் ரகசியம் என்ற பேச்சையும் பார்த்துவிடுவோம். நம் ஊரில் எதை விற்பதென்றாலும் அதற்குத் தாடி ஒட்டிவிடுகிறார்கள். இந்தக் கருத்தின் பிறந்த ஊர் பொதிகை மலை அல்ல, அமெரிக்கா. அங்கே மெய்ன் மாநிலத்தில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஃபினியாஸ் குவிம்பி என்பவர், நோய்க்குக் காரணம் தவறான நம்பிக்கை, அதை மாற்றினால் நோய் போய்விடும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தியம் செய்தார். அவர் வழியில் வந்தவர்கள் நோயிலிருந்து பணத்துக்கு நகர்ந்தார்கள். 1910-ல் வாலஸ் வாட்டில்ஸ் என்பவர், பணக்காரர் ஆவது ஓர் அறிவியல் என்று நூல் எழுதினார். மறு வருடம் இறந்துவிட்டார். சுமார் நூறு வருடம் கழித்து அந்த நூலைப் படித்த ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ரோண்டா பைர்ன், 2006-ல் எடுத்த படமும் எழுதிய புத்தகமும்தான் உங்கள் பயிற்சியாளர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. வெளிநாட்டுச் சரக்கு என்பதால் நான் குறை சொல்லவில்லை. முகவரியை மாற்றி விற்கிறவர் வேறு எதையெல்லாம் மாற்றியிருப்பார் என்று கேட்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். 1991-ல் அவரும் தாமஸ் வாடனும் எடை குறைக்கும் சிகிச்சையில் சேர்ந்த பெண்களைக் கவனித்தார்கள். 'என்னால் முடியும்' என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் எடை குறைத்தார்கள். மெலிந்துவிட்ட தங்களை மனத்திரையில் ஓட்டிப் பார்த்து மகிழ்ந்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். 2002-ல் டோரிஸ் மேயருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், படிப்பு முடித்து வேலை தேடிய இளைஞர்களிடமும் இதே கதை. நல்ல வேலையில் இருப்பதாக அதிகம் கனவு கண்டவர்கள் குறைவாக விண்ணப்பம் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் வேலை வாய்ப்பும் சம்பளமும் குறைவு.

ஆக 'நேர்மறை எண்ணம்' என்று ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கப்படுகின்றன. செய்தால் முடியும் என்ற நம்பிக்கை ஒன்று. அது முன்பு செய்த வேலையிலிருந்தும் கைப்பழக்கத்திலிருந்தும் வருவது. ஆளை எழுப்பி நிறுத்தும். முடிந்துவிட்டது என்று கற்பனையில் அனுபவித்துவிடுவது மற்றொன்று. மனம் அந்தப் பந்தியில் சாப்பிட்டு எழுந்துவிடுகிறது. அதன் பிறகு அடுப்பு மூட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? பீரோக் கதவில் நீங்கள் ஒட்டிய கார் படம் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஓட்டிங்கன் கனவு காணாதே என்று சொல்லவில்லை. விரும்புவதைத் தெளிவாக நினை. உடனே அதற்குக் குறுக்கே என்னிடமும் என் சூழலிலும் எது நிற்கிறது என்று நினை. அது வந்தால் என்ன செய்வேன் என்று முடிவுசெய் என்கிறார். உங்கள் பயிற்சியாளர் குறளை எடுத்ததால் நானும் எடுக்கிறேன். அவர் சொன்னது 666-ஆம் குறளில் பாதி. 'எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்' என்ற மீதியை அவர் ஏன் விட்டார் என்று தெரியவில்லை. அது இருக்கும் அதிகாரம் வினைத்திட்பம். செயலில் உறுதி உள்ளவர்களைப் பற்றிய பேச்சு அது, எண்ணிக்கொண்டே இருப்பவர்களைப் பற்றியது அல்ல. சரியாகப் பத்துக் குறள் தள்ளி, 676-ல்,

'முடிவும் இடையூறும் முற்றியாங்கு எய்தும்
படுபயனும் பார்த்துச் செயல்'

என்கிறார். ஒரு வேலை எப்படி முடியும், நடுவில் எது குறுக்கே வரும், முடிந்தால் கிடைக்கும் பயன் எவ்வளவு, மூன்றையும் பார்த்துச் செய் என்கிறார். இடையூற்றை நினைப்பது எதிர்மறை எண்ணம் என்றால் வள்ளுவரையும் உங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட வேண்டியதுதான்.

இங்கேதான் உங்கள் கணவர் வருகிறார். 'நடக்காவிட்டால் என்ன செய்வது' என்று ஒரு சிறு தொழில்காரர் கேட்கவில்லை என்றால் ஷெட் என்றைக்கோ மூடப்பட்டிருக்கும். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது 25,000 ரூபாய் அல்ல, அவரைப் பார்த்து உங்களுக்கு வரும் எரிச்சல்தான். பில்லைக் கொடுக்காதவர் எங்கோ நிம்மதியாக இருக்கிறார்; வீட்டுக்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். வராத பணத்துக்குக் காரணம் உன் மனம் என்று சொல்வது, ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவனைத் தண்டிப்பது. இப்படி ஒரு கோட்பாட்டை நேர்மறை என்று அழைக்க எனக்கு நா வரவில்லை.

அந்த பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ வேலையோ வாங்கியவர், ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்குக்குக் கூட்டு வட்டி உண்டு. இத்தகைய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவுக்கு உத்யம் என்று பெயர். கணவர் அதைச் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் கிடையாது. இதற்கென உள்ள அரசுத் தளத்தில் புகாரும் கொடுக்கலாம். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராதே என்று அவர் தயங்குவார். நியாயமான தயக்கம்தான். எந்தக் கட்டத்தில் கடிதம் எழுதுவது, எந்தக் கட்டத்தில் புகார், அந்த ஆர்டர் போனால் வேறு யாரிடம் வேலை எடுப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஒன்பது முறை எழுதும் இரவு நேரத்தில் இதைச் செய்யலாம்.

இனி நன்றி. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஓர் ஆள் ஒரே வரியில் வந்துவிட்டுப் போவதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா. காற்றுக்கு நன்றி எழுதிய நோட்டில் அவருக்கு ஒரு வரி இருந்ததா? இருந்திருக்கலாம், நீங்கள் எனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த வகுப்பு கற்றுத்தரும் நன்றி மேலே பார்த்துச் சொல்வது. பிரபஞ்சத்துக்குச் சொல்லும் நன்றியில் ஒரு வசதி இருக்கிறது, அது யாருக்கும் எதையும் திருப்பித் தரச் சொல்லாது. அக்காவுக்கு நன்றி சொல்வதென்றால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கட்டிய தவணை எத்தனை ரூபாய் என்று நினைவு வைத்திருக்க வேண்டும். கடன் என்ற சொல்லைத் தடைசெய்த வீட்டில் அது எப்படி முடியும்?

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் இருக்கிறார். அவருடைய வறுமையை 160-ஆம் பாட்டில் காணலாம். பசித்த பிள்ளை தாயின் முலையைச் சுவைத்துப் பால் கிடைக்காமல், பானையைத் திறந்து பார்த்து அதிலும் ஒன்றுமில்லாமல் அழுகிறது. தாய் புலி வருகிறது என்று பயமுறுத்துகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். முதிர மலைக்குத் தலைவன் குமணன். அவனிடமிருந்து அந்த வீட்டுக்கு ஒருநாள் செல்வம் வருகிறது. 163-ஆம் பாட்டில் புலவர் மனைவியிடம் பேசுகிறார். உன்னை விரும்பி உடன் இருப்பவர்களுக்குக் கொடு, நீ விரும்புகிறவர்களுக்குக் கொடு, உன் சுற்றத்தில் மூத்த பெண்களுக்குக் கொடு, நம் குடும்பத்தின் பசி தீரக் கைமாற்றாகத் தந்தார்களே, அவர்களுக்கும் கொடு. இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னிடம்கூடக் கேட்காதே, நாமே வைத்துக்கொண்டு வாழ்வோம் என்று நினைக்காதே,

'எல்லோர்க்கும் கொடுமதி மனைகிழ வோயே.'

வெறும் பானையைத் திறந்து பார்த்த வீடு அது. அந்த மனிதருக்கு வளம் என்றதும் ஞாபகம் வருவது பசித்த காலத்தில் கைமாற்றாகத் தந்த மனிதர்கள். எம்மன்ஸின் ஆய்விலும் இதற்கு ஒரு சிறு ஆதாரம் உண்டு. தினமும் நன்றி எழுதிய மாணவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட, பிறருடைய கஷ்டத்தில் உதவியதாக அதிகம் சொன்னார்கள். நன்றி எங்கேயாவது செல்வத்தைக் கொண்டுவருமென்றால் இந்த வழியாகத்தான் கொண்டுவரும் என்று நினைக்கிறேன்: ஆள் ஆளுக்குத் துணை நிற்பதால்.

நோட்டை நிறுத்த வேண்டாம். தினமும் பத்து என்பதை விட்டுவிடுங்கள். கட்டாயமானால் எதுவும் நான்கு நாளில் இம்போசிஷன் ஆகிவிடும். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மெஷின் சத்தம் ஓய்ந்த பிறகு எழுதுங்கள். பொதுவாக எழுதாமல் ஆளை எழுதுங்கள், அவர் செய்த காரியத்தை எழுதுங்கள். கூலி தாமதமான பிறகும் நிற்காமல் இருக்கும் டெய்லர்கள் உங்கள் ஷெட்டில் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களையும். கோபமாக இருக்கும் வாரத்தில் எழுத வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பில்லைக் கொடுக்காதவருக்கு அந்த நோட்டில் இடமில்லை. அவருக்கும் நன்றி சொல், அவர் உன்னைப் பக்குவப்படுத்துகிறார் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்த வகுப்பில் சேர வேண்டாம். 25,000 ரூபாய் எங்கிருந்தாவது புரட்ட முடியும் என்றால் முதலில் அக்காவின் பணத்தைக் கொடுங்கள், அடுத்து நின்றுபோன இரண்டு டெய்லர்களின் பாக்கிக் கூலியை. அவர்களில் ஒருவராவது திரும்பி வந்தால் கணவருக்கு இன்னொரு ஆர்டர் எடுக்கத் தைரியம் வரும். உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் கார்டும் வேண்டும், எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்