பள்ளி ரோபோ அணி: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் மாணவர்கள் செய்த லைன் ஃபாலோயரில் (கோட்டைப் பின்பற்றி ஓடும் ரோபோ) புது 9 வோல்ட் பேட்டரி போட்டிருக்கிறோம். ரோபோவின் மூளையான ஆர்டுயினோ ஊனோ போர்டில் விளக்கு எரிகிறது. சக்கரம் சுற்றத் தொடங்கியதும் அணைந்து மறுபடி எரிகிறது. புரோகிராமை எப்படி மாற்றினாலும் சரியாகவில்லை.
– இயற்பியல் ஆசிரியை, விருதுநகர்

பதில்: புரோகிராமை விட்டுவிடுங்கள், அது ஒரு பாவமும் அறியாதது. அந்தச் செவ்வகப் பேட்டரிதான் காரணம். மல்டிமீட்டர், புகை அலாரம் மாதிரி கொஞ்சமாக மின்சாரம் எடுக்கும் கருவிகளுக்கானது அது. உள்ளே இருப்பவை ஆறு பொடி செல்கள், உள்மின்தடையும் அதிகம். சக்கரத்தைச் சுற்றும் மஞ்சள் நிறச் சிறு மோட்டார் (பிஓ மோட்டார்) ஒவ்வொன்றும் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது 1 ஆம்பியரை ஒட்டிக் கேட்கும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று சரியும். ஊனோவின் சிப்புக்கு வரும் மின்னழுத்தம் 2.7 வோல்ட் அளவுக்கு இறங்கினால் அது தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

சந்தேகம் இருந்தால் சக்கரங்கள் தரையில் படாமல் ரோபோவை ஒரு டப்பா மேல் வையுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வைத்து ஊனோவின் 5 வோல்ட் முனையிலும் கிரவுண்டிலும் பிடியுங்கள். ஒரு சக்கரத்தை மெதுவாக விரலால் அழுத்தி மோட்டாரை ஓட விடுங்கள். மீட்டர் மெதுவாகத்தான் காட்டும். அதில் 4.6 என்று தெரிந்தாலே உண்மையில் அதைவிடக் கீழே போய்த் திரும்பியிருக்கலாம்.

தீர்வு, 18650 லித்தியம் செல் இரண்டை வரிசையில் இணைப்பது. முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் கிடைக்கும். ஊனோ சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் தரும் எல்298என் டிரைவர் போர்டு தனக்கென்று சுமார் 2 வோல்ட் விழுங்கிவிடும், அதனால் மோட்டாருக்கு 6 வோல்ட் அளவில்தான் போகும். பிஓ மோட்டாருக்கு அது பொருத்தம். டிபி6612 டிரைவர் போட்டால் இந்த இழப்பு மிகக் குறைவு. அப்போது புரோகிராமில் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பிடபிள்யூஎம் அளவை 255 வரை விடாமல் 180-இல் நிறுத்துங்கள், இல்லையென்றால் மோட்டார் சூடாகி ஆயுள் குறையும். டிரைவரின் கிரவுண்டும் ஊனோவின் கிரவுண்டும் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைச் சாலிடர் செய்துவிட்டால் பிரஷ்ஷிலிருந்து வரும் இரைச்சலும் அடங்கும்.

செல் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். இரண்டும் ஒரே பிராண்ட், ஒரே வயதாக இருக்கட்டும். பழைய லேப்டாப்பிலிருந்து உரித்தவை வேண்டாம். எந்தச் செல்லையும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஆள் இல்லாத அறையில் சார்ஜ் போடாதீர்கள். சில்லறைக் காசு கிடக்கும் பையில் செல்லை எந்த மாணவனும் போடக் கூடாது.

கேள்வி: பள்ளியில் கோட்டிலிருந்து விலகாத ரோபோ, போட்டி அரங்கில் முதல் வளைவிலேயே ஓடிவிட்டது. ஏன்?
– பிளஸ் ஒன் மாணவி, தென்காசி

பதில்: மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் வெளிச்சம். ஜன்னல் வழியே வரும் வெயிலில் அகச்சிவப்பு ஒளி ஏராளம். தரையிலிருந்து திரும்பும் அகச்சிவப்பை வைத்தே கோட்டை அறியும் சென்சார், அதைக் கோட்டிலிருந்து வந்ததா, சூரியனிடமிருந்து வந்ததா என்று பிரித்தறியாது. சென்சார் வரிசையைத் தரையிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் உயரத்தில் பொருத்தி, சுற்றிலும் கருப்புச் சார்ட் அட்டையால் பாவாடை மாதிரி ஒரு தடுப்பு வையுங்கள்.

அடுத்தது தளம். வீட்டில் மார்க்கரால் வரைந்த கோடு கண்ணுக்குக் கருப்பாக இருந்தும் சென்சாருக்கு வெள்ளையாகத் தெரியலாம். சில கருப்பு மைகள் அகச்சிவப்பை உறிஞ்சுவதே இல்லை. பளபளப்பான ஃப்ளெக்ஸ் வேறு கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும். ஆகவே ‘சென்சார் அளவு 500-க்கு மேல் கருப்பு’ என்று புரோகிராமில் எண்ணை எழுதி வைக்காதீர்கள். ஓட்டத்துக்கு முன் ரோபோவைக் கோட்டின் மேல் இடவலமாக 5 விநாடி அசைத்து, ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியே குறைந்த, அதிக அளவுகளைப் பதிய விடுங்கள்.

மூன்றாவது, பலர் கவனிக்காதது: சீரியல் பிரிண்ட், அதாவது அளவுகளைக் கணினித் திரைக்கு அனுப்பும் புரோகிராம் வரிகள். 9600 வேகத்தில் ஓர் எழுத்து போக 1 மில்லிவிநாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். புரோகிராமின் ஒவ்வொரு சுற்றுக்கும் 20 எழுத்து அச்சிட்டால் 20 மில்லிவிநாடி போச்சு. விநாடிக்கு 1 மீட்டர் ஓடும் ரோபோ அதற்குள் 2 சென்டிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கும். போட்டிக்கு முன் அந்த வரிகளை எல்லாம் நீக்குங்கள்.

பிஐடி-யை, அதாவது கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கேற்ப ரோபோவைத் திருப்பும் கணக்கைச் சரிசெய்ய: அதில் கேபி, கேஐ, கேடி என்று மூன்று எண்கள். ஐந்து சென்சார், நிலை 0 முதல் 4000, நடு 2000 என்றால் கேபி-யை 0.05-இல் தொடங்குங்கள், மற்ற இரண்டும் பூஜ்யம். ரோபோ கோட்டின் மேல் ஆடத் தொடங்கும்வரை ஏற்றி, கொஞ்சம் இறக்குங்கள். பிறகு கேடி-யைக் கேபி-யின் பத்து மடங்கிலிருந்து ஏற்றி ஆட்டத்தை அடக்குங்கள். கேஐ பெரும்பாலும் தேவைப்படாது. இதையெல்லாம் முழுச் சார்ஜ் பேட்டரியில் செய்யுங்கள். பாதிச் சார்ஜில் பிடித்த எண்கள் போட்டியன்று காலையில் பொய்யாகிவிடும்.

கேள்வி: அணியில் சேர 18 பேர் வந்திருக்கிறார்கள். உலக ரோபோ ஒலிம்பியாட்டில் ஓர் அணிக்கு 2 அல்லது 3 பேர்தானாமே. யாரைக் கழிப்பது?
– பட்டதாரி ஆசிரியர், கும்பகோணம்

பதில்: யாரையும் கழிக்காதீர்கள். மும்மூன்று பேராக ஆறு குழு. 8, 9, பிளஸ் ஒன் மாணவர்களை முதன்மையாக வையுங்கள். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் ஜனவரிக்குப் பிறகு கைக்குக் கிடைக்க மாட்டார்கள். கட்டுமானம், வயரிங், புரோகிராம் என்று வேலையைப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரே பையன் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு உட்காருவான், பெண் பிள்ளைகள் கையில் போஸ்டர் அட்டைதான் மிஞ்சும். அந்தப் பையனுக்குப் போட்டியன்று காய்ச்சல் வந்தால் ரோபோவும் படுத்துவிடும்.

அந்த ஒலிம்பியாட்டில் அன்று காலை புதிதாக ஒரு திடீர் விதி அறிவிப்பார்கள், உதவ நீங்கள் பக்கத்தில் நிற்கவும் முடியாது. ஆகவே வாரம் ஒருமுறை நீங்களே பாதையில் ஒரு பொருளை இடம் மாற்றி வைத்து, 45 நிமிடத்தில் சமாளிக்கச் சொல்லுங்கள். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு புரோகிராமை மூடிவிட வேண்டும், அதன்பின் கை வைக்கக் கூடாது.

கேள்வி: அடல் டிங்கரிங் லேப் இருந்தால்தான் இதெல்லாம் முடியுமா?
– பெற்றோர், ஓசூர்

பதில்: இல்லை. மாணவர்கள் கருவிகளைச் செய்து பழகும் கூடம் அமைக்க நிதி ஆயோக் நடத்தும் அந்தத் திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு: 10 லட்சம் அமைக்க, மீதி 5 ஆண்டுச் செலவுக்கு. கிடைத்தால் நல்லது. ஒரு லைன் ஃபாலோயருக்கு 3,000 ரூபாய்க்குள் அடங்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் சாலிடரிங் அயர்னை மட்டும் மட்டமாக வாங்காதீர்கள். போட்டியில் கழன்று விழுபவை பெரும்பாலும் செருகி மட்டும் இணைக்கும் ஜம்பர் வயர்கள். அவற்றைச் சாலிடர் செய்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

கேள்வி: எச்.சி.-05 ப்ளூடூத் போர்டு மாட்டியதிலிருந்து ஊனோவில் புரோகிராம் ஏறவே மாட்டேன் என்கிறது.
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், சேலம்

பதில்: 0, 1 பின்களில் மாட்டியிருப்பாய், தம்பி. யூஎஸ்பி-யும் அதே வழியில்தான் பேசுகிறது. ஏற்றும்போது இரண்டு வயரையும் கழற்று, ஏற்றி முடித்ததும் மாட்டு. ஊனோவின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) தருவது 5 வோல்ட், ப்ளூடூத்தின் ஆர்எக்ஸ் (பெறும் பின்) கேட்பது 3.3. ஊனோவின் டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆர்எக்ஸுக்குப் போ, அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் போடு.