லென்ஸ் திட்டம் என்றால் என்ன? ஒரே அறை போகப்போக எப்படிச் சுருங்கியது?

படத்தின் எந்தப் பகுதிக்கு எந்த லென்ஸ், கேமரா எவ்வளவு உயரம் என்று படப்பிடிப்புக்கு முன்பே முடிவுசெய்வதுதான் லென்ஸ் திட்டம். ‘12 ஆங்ரி மென்’ (1957) ஏறக்குறைய முழுவதும் ஒரே ஜூரி அறையில், அதாவது வழக்கில் தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் கூடிப் பேசும் அறையில், நடக்கிறது. இயக்குநர் சிட்னி லூமெட் முதல் மூன்றிலொரு பங்கைக் கண்மட்டத்துக்கு மேலிருந்தும், அடுத்ததைக் கண்மட்டத்திலும், கடைசியைக் கீழிருந்தும் எடுத்தார். முடிவில் கூரையே தெரியும். லென்ஸின் குவியத் தூரமும் 28–40 மி.மீ.யிலிருந்து 50, 75, 100 என்று நீண்டது; இது நீள நீள லென்ஸ் குறைந்த பரப்பையே பெரிதாக்கிக் காட்டும். புழுக்கம் ஏறுவது பார்ப்பவருக்கு உறைக்கும், காரணம் கண்ணில் படாது. அதுதான் இதன் அழகு.

நீள லென்ஸில் முகத்தை அதே அளவில் வைக்கக் கேமரா பின்னால் போக வேண்டும். அப்போது முகத்துக்கும் சுவருக்குமான இடைவெளி ஒப்பளவில் சிறிதாகிவிடும். நேரான சாலையில் தொலைவிலுள்ள மின்கம்பங்கள் நெருங்கித் தெரிவதில்லையா, அதுபோல.

நின்ற இடத்திலேயே ஜூம் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முகமும் சுவரும் ஒரே விகிதத்தில் பெரிதாகுமே தவிர, சுவர் நெருங்காது.