கிரானைட்டும் சுண்ணாம்பும்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,
பிரான்ஸின் லோசேர் பற்றிய கட்டுரையில் அது ஆறுகள் பிறக்கும் மாவட்டம் என்றீர்கள். இரண்டு பத்தி தள்ளி, ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டக்கூட அங்கே குட்டை வெட்ட வேண்டியிருந்தது என்கிறீர்கள். எது சரி?
கே.

அன்புள்ள கே.,
இரண்டும் சரிதான். மாவட்டம் ஒன்று, பாறை ஒன்றல்ல. 1790இல் எல்லை வரைந்தவர்கள் தென்கிழக்கில் நிற்கும் மலையின் பெயரை வைத்தார்கள். அடியில் என்ன கல் என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

லோசேர் மலை 1,699 மீட்டர், கிரானைட். மழைநீர் அதற்குள் ஆழமாக இறங்காது; மேலேயே சதுப்பாகத் தேங்கி மெல்லக் கசியும். தார்ன் ஆறு அங்கேதான் பிறக்கிறது. சற்று வடக்கே லோட், அல்யே. இந்த மூன்றும் கடைசியில் அட்லாண்டிக் போய்ச் சேருகின்றன. தெற்கே பிறக்கும் கார்தோன் ஓடைகளோ ரோன் ஆறு வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போகின்றன.

குட்டை வெட்டியது மேற்கே, கோஸ் மெஜான் மேட்டில். ஆயிரம் மீட்டர் உயரத்தில் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்யாமல் இல்லை, பெய்தது நிற்பதில்லை. வெடிப்புகளில் இறங்கிவிடும். 'அவென்' எனப்படும் செங்குத்துக் குழிகள் அப்படி அரித்து உண்டானவை. 1897இல் லூயி அர்மான் என்ற கொல்லர் அப்படி ஒன்றில் சுமார் 75 மீட்டர் இறங்கி, கீழே சுண்ணாம்புத் தூண்கள் காடாக நிற்கும் பெரிய கூடத்தைக் கண்டார். உள்ளே போன நீர் மேட்டின் அடிவாரத்தில், ஃப்ளோராக் ஊருக்குள்ளேயே, ஊற்றாக வெளிவருகிறது. மேட்டின் ஓரத்தில் நின்றால் நானூறு, ஐந்நூறு மீட்டர் கீழே தார்ன் ஓடுவது தெரியும். தெரிந்து என்ன பயன்? ஆட்டை அங்கே ஓட்டிப் போக முடியுமா? அதனால் களிமண் மெத்தி, கல் பாவி, மழைநீரைப் பிடித்துவைத்தார்கள். அந்தக் குட்டைக்கு 'லவோஞ்' என்று பெயர். சுற்றுலாக்காரர்கள் பள்ளத்தாக்கில் படகு விட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதால், மேலே இருக்கும் இந்த வறட்சி பலர் கண்ணில் படுவதே இல்லை.

அப்புறம் ஒன்று. 1851இல் சுமார் 1,44,000 பேர் இருந்த மாவட்டத்தில் இன்று ஏறக்குறைய 76,000 பேர்தான். தண்ணீர்ப் பஞ்சம்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மாவட்டத்தின் தெற்கே, நீர் நிறைந்த செவென் மலைப் பள்ளத்தாக்குகளும்தான் காலியாகின. அங்கே பட்டுப்புழுவுக்கு நோய் வந்தது, செஸ்ட்நட் மரத்துக்கும் நோய் வந்தது, ஆட்கள் சமவெளி நகரங்களுக்கு இறங்கிப் போனார்கள்.